பாஸ்கரன் அண்ணையின் ராசிக்கால்

இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் ஒழுங்காக விளங்கப்படுத்தியிருக்க மாட்டார்கள், குமுதினி அக்கா. பிரச்சினையே அதுதான். அது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். தேத்தண்ணியை எடுங்கள், ஆறப்போகிறது.

ஜெர்மனியில் முதல் பிரிவு என்பது பணக்கார வீட்டுக் கலியாணம். மாப்பிள்ளை யார் என்று முதலே தெரியும், மற்றவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். மூன்றாம் பிரிவுக்கு யாரும் போவதில்லை. இரண்டாம் பிரிவுதான் பொம்பிளை பார்க்கிற வீடு. எல்லோரும் வியர்த்துக்கொண்டு இருப்பார்கள். பதினெட்டு அணிகள். முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் மேலே போகலாம், கடைசி நான்கில் நின்றால் கீழே. மேலே போகிற ஆசையும் கீழே விழுகிற பயமும் ஒரே கிழமையில் வரும். எங்கள் ஊர் அணி தன் வாழ்நாளில் முதல் பிரிவைப் பார்த்ததே இல்லை. பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில், சமையலறை அலமாரி செய்கிற ஒரு தொழிற்சாலையையும் ஒரு மைதானத்தையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஹம்பேர்க்கில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்கள் தம்பி பாஸ்கரன் அண்ணை சிரிக்க மாட்டார். அவர் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறார். அலமாரித் தொழிற்சாலையில் ஒரு வருட ஒப்பந்த வேலை. மே முடிவில் அதை நிரந்தரமாக்குவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தர வேலை இருந்தால்தான் வெளிநாட்டவர் அலுவலகம் ஜெயமலர் அக்காவை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட விடும். ஜெயமலரைப் பேசி முடித்ததே நீங்கள்தான், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. எனக்கும் தெரிந்தே இருந்தது என்பதை மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அண்ணையின் ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்கிறவன் நான். அலுவலகத்தில் தெர்மின், அதாவது வரச் சொல்லி நேரம் கொடுத்திருந்தால், கூடப் போகிறவனும் நான். பதிலுக்கு அவர் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போவார். நல்ல மனிதர். இடைவேளையில் எப்போதும் தன் சொசேஜில் பாதியை எனக்குத் தருவார், கடுகு இல்லாத பாதியை.

அந்தப் பருவம் மோசமாகத் தொடங்கியது. ஓகஸ்ட் முழுக்கத் தோல்வி. ஊர்ப் பத்திரிகை எங்களைக் கீழே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தது.

செப்டெம்பரில் அண்ணை சைக்கிளில் வேலைக்குப் போகும்போது மழை ஈரத்தில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. தயவுசெய்து இதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு அவர் கட்டுப் போட்ட காலைச் சோபாவில் நீட்டிக்கொண்டு வானொலி கேட்டார். வெளியூரில் ஆட்டம். மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம்.

"டேய் நிரூபன், பாத்தியே? என்ரை கால் முறிஞ்சதுதான் உவங்களுக்கு ராசி!"

"ஓம் அண்ணை," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். யோசனை அவருடையது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கட்டு இருந்த காலம் முழுக்க ஒரு ஆட்டத்திலும் நாங்கள் தோற்கவில்லை. கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வருகிற இடத்தில் இருந்த அணி நான்காம் இடத்துக்கு வந்தது. நவம்பரில் கட்டை அவிழ்த்தார்கள். அண்ணை இரண்டு காலாலும் மைதானத்துக்கு நடந்து வந்தார், எல்லோருக்கும் கை கொடுத்தார். பட்டியலின் அடியில் கிடந்த அணி வந்து எங்களுக்கு நான்கு கோல் போட்டுவிட்டுப் போனது.

தற்செயல் என்று சொல்லப்போகிறீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். எங்கள் அம்மா வெளியே போகும்போது முழுவியளம் பார்ப்பார். எதிரே வருகிறவர் சரியில்லை என்றால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் பிடிக்கப் போவார். பஸ் போயிருக்கும். அதைக் கேலி செய்தே வளர்ந்தவன் நான். பீலெஃபெல்டில் புள்ளியியல் படிக்கிறேன். மூடநம்பிக்கைக்காரன் நம்பிவிடுவான், படித்தவன் சோதித்துப் பார்ப்பான். நான் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் யாருக்கும் நோகாத முறையைத்தான் எடுத்தேன். வெட்டியெடுத்த பழைய மாவுக்கட்டை அண்ணை ஞாபகத்துக்கு வைத்திருந்தார், எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஆட்டத்தன்று அதைக் காலில் மாட்டிக்கொண்டு சோபாவில் இருக்கச் சொன்னேன்.

"உனக்கு விசரடா," என்றார். பிறகு, "சரி, கொண்டா," என்றார்.

இரண்டுக்குப் பூச்சியம், தோல்வி. வெறும் கட்டால் பலனில்லை, உள்ளே முறிவு வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்தது.

அடுத்து, அண்ணையின் கால்தானா அல்லது யாருடைய உறுப்பும் உதவுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆய்வில் இதைத் தவிர்க்க முடியாது. என்னோடு படிக்கிற தாரகன் என் அப்பாவின் காரிலிருந்து இறங்கும்போது நான் கதவைச் சாத்தினேன். அவன் கையை எடுப்பதற்குச் சற்று முந்திச் சாத்திவிட்டேன். இரண்டு விரல். அந்த ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே கை என்றால் சமநிலை. முழுக்கையையும் சோதித்திருந்தால் முடிவு இன்னும் தெளிவாக இருந்திருக்கும், ஆனால் தாரகன் அதன் பிறகு எங்கள் காரில் ஏறுவதே இல்லை. உங்களுக்குக் கதை சொன்னது அவன்தான் என்று ஊகிக்கிறேன். அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது.

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. ஒரு ரோல்ஸ் எடுங்கள், அம்மா சுட்டது.

டிசம்பரில் பனி விழுந்தது. எங்கள் மாடிவீட்டில் பனி உறைந்து வழுக்காமல் வாசல்படிக்கு உப்புப் போடுவது வீட்டுக்கு வீடு முறைமுறையாக நடக்கிற வேலை. கதவில் ஒரு அட்டை தொங்கும், அது யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ அந்தக் கிழமை அவர்கள் பொறுப்பு. அந்தக் கிழமை எங்கள் கதவில் தொங்கியது. நான் போடவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம்தான், ஆனால் முதல்நாள் மாலை கேத்தல் தண்ணீரைப் படியில் ஊற்றியதை மறந்தேன் என்று சொல்ல முடியாது. கீழ்வீட்டு டொறத்தி அம்மா யார் முறை என்று பார்க்காமல் தானே வந்து உப்புப் போடுகிறவர். அவருக்கு ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்து, வாசல் வேலை முடிந்துவிட்டது, குளிரில் வராதீர்கள் என்றேன். "என்ன நல்ல பிள்ளை," என்று கன்னத்தைத் தட்டினார்.

காலையில் அண்ணை வேலைக்குக் கிளம்பினார். இந்த முறை மற்றக் கால், முழங்காலுக்குக் கீழே. அம்புலன்ஸில் கூடப் போய், படிவத்தை நிரப்பி, வலி எவ்வளவு என்று வைத்தியருக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். அண்ணை அந்த வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், ஞாயிறு ஆட்டம் ஆரோடை?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது எனக்கு. அந்த ஞாயிறு ஐந்து கோல் போட்டோம். மிச்ச டிசம்பர் ஆட்டங்களையும் வென்று குளிர்கால இடைவேளைக்கு இரண்டாம் இடத்தில் போனோம்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், அந்த இடைவேளை முழுக்க நான் அண்ணையை ஒன்றும் செய்யவில்லை. ஆட்டமே இல்லாத காலத்தில் ஒரு மனிதனைத் துன்புறுத்துவதற்கு நான் என்ன மிருகமா?

அந்த நாட்களில் ஜெயமலர் அக்கா தொலைபேசி எடுப்பார். அண்ணை நித்திரை என்றால் நான் கதைப்பேன்.

"தம்பி, அவருக்கு ஏன் உப்பிடி மாறி மாறி நடக்குது? ஆரும் செய்வினை கிய்வினை செய்திருக்கினமோ?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா. இஞ்சை எல்லாம் பனிதான்."

"நீ பக்கத்திலை இருக்கிறது பெரிய ஆறுதல் தம்பி."

இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

மார்ச் முடிய மறுபடியும் கட்டை அவிழ்த்தார்கள். அண்ணை வேலைக்குத் திரும்பினார். மேலாளர் தோளில் தட்டி, "பாஸ்கரன், மே வரை இரண்டு காலில் நில், ஒப்பந்தம் உன்னுடையது," என்றாராம். அண்ணை சந்தோசமாக வந்து சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மே வரை இரண்டு காலில் என்றால் நாங்கள் எங்கே போய் நிற்போம்? அடுத்த ஆட்டம் தோல்வி. அதற்கடுத்ததும் தோல்வி. ஐந்தாம் இடம். தொலைக்காட்சியின் டெலிடெக்ஸ்ட் பக்கத்தில், புள்ளிப் பட்டியலில், எங்கள் அணியின் பெயர் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவதை அண்ணை பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இனி எங்கடை காலத்திலை முதல் பிரிவு பாக்க ஏலாது போலை கிடக்கு," என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் ஏதாவது செய்திருப்பீர்கள்.

பல்கனிக்கு மேலே கொடி கட்டலாம் என்றேன். கொடி கட்டினால் அணிக்கு உற்சாகம் வரும் என்று சொன்னதும் அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புல்வெளிப் பக்கம் சாய்த்து வைத்தோம்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் மேலை கட்டுங்கோ."

"பிடிச்சிருக்கிறியே?"

"ஓம் அண்ணை."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பிடிக்கவில்லை.

குதிக்கால் எலும்பு நொறுங்கிவிட்டது. இது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது, ஒரு சாதாரண முறிவு போதுமாக இருந்தது. நொண்டல் இனிப் போகாது என்று வைத்தியர் சொன்னார். அதையும் நானே மொழிபெயர்த்தேன், ஆனால் "கொஞ்ச நாளைக்கு" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டேன். மனிதருக்கு நம்பிக்கை வேண்டும்.

மிச்சம் இருந்த ஆட்டங்களை எல்லாம் வென்றோம். கடைசி ஞாயிறு மூன்றாம் இடம். ஊர் முழுக்க ஹோர்ன் அடித்தது. நகரசபைக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் வந்து நின்றபோது அண்ணையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்குப் போனேன். காலில் கட்டைப் பார்த்ததும் சனம் தானாக விலகி வழிவிட்டது. கோல்காப்பாளர் தன் கையுறையைக் கழற்றி அண்ணையின் மடியில் போட்டார். அண்ணை விம்மி விம்மி அழுதார். "நிரூபன், இதைவிட ஒரு நாள் எனக்கு வராதடா," என்றார். டொறத்தி அம்மாகூட அணியின் பச்சைத் தொப்பி போட்டு ஆடினார்.

அதே கிழமை தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. ஜெயமலர் அக்காவின் வீட்டார் இன்னும் எவ்வளவு காலம் பார்ப்பது என்று ஒரு கனடா மாப்பிள்ளைக்குச் சம்மதித்துவிட்டார்கள். அண்ணை அன்றைக்கு மேல்மாடியிலிருந்து இறங்கவில்லை. நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கனடாவில் குளிர் கூட, ஜெயமலர் அக்கா அங்கே கஷ்டப்படுவார் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், ஓம். படி நான். ஏணி நான். தாரகனின் விரலும் நான்தான். சைக்கிள் மட்டும் மழை.

"உனக்கு அவன் என்னடா செய்தவன்? சொந்தத் தம்பி மாதிரி எல்லோ உன்னைப் பாத்தவன்!"

சரிதான் அக்கா. அதனால்தான் செய்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் காலை நம்பி ஒரு பருவத்தையே ஒப்படைக்க முடியுமா?

"இப்பவே மேலை போய் அவனுக்குச் சொல்லப்போறன். பிறகு பொலிசுக்கு."

போங்கள். நான் மறிக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். வேலை போய்விட்டது, கலியாணம் போய்விட்டது, அவரிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு ஞாயிறுதான். தன் ராசியால் அணி மேலே போனது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். கையுறையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படுக்கிறார். நீங்கள் சொன்ன அடுத்த நிமிடம் அதுவும் போய்விடும். அந்தக் கொடுமையைச் செய்ய உங்களுக்கு மனம் வருகிறது என்றால், எனக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருந்துவிட்டீர்கள். நல்லது. தேத்தண்ணியைச் சூடாக்கித் தரட்டுமா?

நீங்கள் அவரை உங்களோடு ஹம்பேர்க்குக்குக் கூட்டிப்போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அவருக்கு ஒரு மாற்றம் தேவை. பெட்டியையும் நானே கட்டித் தருகிறேன். ஓகஸ்டில் முதல் பிரிவு தொடங்குகிறது, நேற்றுப் பயிற்சி ஆட்டத்தில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள், அண்ணையும் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. அவர் இங்கே சோபாவில் இருந்தபோது அணி வெளியூர்களிலும் வென்றது, அதைச் சோதித்தாயிற்று. மாதம் ஒரு தடவையாவது ரயில் ஏறி வந்து அவரைப் பார்ப்பேன். தனிமையில் விட்டால் மனிதர் உடைந்துபோவார்.

உங்கள் வீடு எத்தனையாவது மாடி, அக்கா?