கௌரிக்கு மா வரல

இல்ல டீச்சர், சளி இல்ல. மூக்கடைப்பும் இல்ல. காதும் நல்லாதான் கேக்குதுன்னு மெட்ராஸ்ல பாத்து சொல்லிட்டாங்களே. இன்னிக்கி உங்க முன்னால வாயே தொறக்கலங்கறது வேற சங்கதி, அதுக்கு வரேன்.

நீங்க போன மாசம் சொன்னதெல்லாம் செஞ்சோம். மாட்டுப் பொங்கலன்னிக்கி பக்கத்தூட்டு மாட்டுகிட்டயே இட்டுகினு போயி நிறுத்தினேன். கொம்புக்கு பெயிண்ட் அடிக்க வுட்டேன். ஒரு கொம்பு பச்ச, ஒரு கொம்பு செவப்பு. கையி மூஞ்சி பாவாடையெல்லாம் பெயிண்ட்டு. மாடு என்னா சொல்லுது கௌரி, மாடு என்னா சொல்லுதுன்னு நீங்க கேக்கற மாதிரியே கேட்டுகினு இருந்தேன். அது மாட்டோட வாயவே பாத்துகினு நிக்கிது. கடசீல மாடு ம்மான்னு கத்திச்சி. எங்கம்மா முந்தானைய வாயில வெச்சிகினு அழுவுறாங்க, மாடே சொல்லிட்டுது, எம்பேத்தி சொல்லலியேன்னு.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன். அப்பால வரல சிரிப்பு.

ஆங், கௌரி வெளிய பெஞ்சில ஒக்காந்துகினு இருக்குது. பாவாதான் கூட இருக்காரு. பாவான்னா எங்கக்கா ஊட்டுக்காரு, கௌரியோட அப்பா. எங்க பக்கம் அப்டிதான் கூப்புடுவோம், தெலுங்கு பழக்கம். அம்மையார்குப்பத்துல பவர்லூம் வெச்சிருக்காரு. அந்த ஊட்ல தறி ஓட ஆரம்பிச்சா யாரு பேசறதும் யாருக்கும் கேக்காது டீச்சர். கைய ஆட்டிதான் சோறே கேப்பாங்க. கொழந்த பேசலங்கறதே ரொம்ப நாளு யாருக்கும் தெரியல. அப்பால அக்கா போய்ட்டா. ஜுரம்தான், அரக்கோணத்துக்கு இட்டுகினு போறதுக்குள்ள ஆயிடுச்சி. அன்னிலேர்ந்து கௌரி எங்கூட்ல, இங்க திருத்தணில இருக்குது. அவுரு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ்ல வந்து பாத்துட்டுப் போவாரு.

நல்ல மனுசன் டீச்சர். கொற சொல்ல ஒண்ணும் இல்ல. அதான் கஷ்டமே.

உங்களுக்கு இந்த மா ஒரு எழுத்து. எங்கூட்ல அது முகூர்த்தம்.

சொல்றேன். ஆடிக் கிருத்திகைக்கு காவடி எடுத்துட்டு எல்லாரும் படி எறங்கி வந்துகினு இருந்தோம். நடுவுல ஒக்காந்து எலுமிச்சம்பழ சாதம் சாப்புட்றப்போ நைனா, அதான் எங்கப்பா, பேச்ச எடுத்தாரு. கொழந்தைக்கும் ஒரு கதி வேணும், பாவாவுக்கும் வேணும், நீயே கட்டிக்கிறதுதான் மொற, என்னம்மா சொல்றன்னு கேட்டாரு. பாவா அந்தாண்ட திரும்பி கோபுரத்தப் பாத்துகினு இருக்காரு. அத்தன பேரும் என்னப் பாக்கறாங்க. நாலு பேரு முன்னால எனக்குப் பேச வராது. ரயில்ல போயி வந்து பி.ஏ. படிச்சேன், மூணு வருசத்துல க்ளாஸ்ல எழுந்து நின்னு ஒரு கேள்வி கேட்டது கெடயாது. அன்னிக்கி வாயில வந்தது என்னா தெரியுமா? கொழந்தைக்குப் புடிக்கணுமே நைனா. அவ்ளோதான். தள்ளிப் போட்றதுக்கு சொன்னேன்.

நைனா அதப் புடிச்சிகினாரு. சரியா சொல்ற, அது எப்போ வாயத் தொறந்து உன்ன அம்மான்னு கூப்புடுதோ அதான் முருகன் உத்தரவு, வர்ற முகூர்த்தத்துல தாலின்னுட்டாரு. எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. நான் எலுமிச்சங்கொட்டைய எடுத்து எடுத்து ஓரமா வெச்சிகினு இருந்தேன்.

எனக்குள்ள ஒரு தைரியம் இருந்துச்சி டீச்சர். இது எங்க பேசப்போவுதுன்னு. தப்புதான், கொழந்தையப் பத்தி அப்டி நெனச்சது. அடுத்த மாசமே பாவா வந்து நிக்கிறாரு. மலையடிவாரத்து சத்திரத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து பேச்சு டீச்சர் மாசம் ஒருவாட்டி வராங்களாம், விசாரிச்சிட்டேன்னு. படிச்சவ நீதானே, நீ கூடப் போயி கத்துகினு வந்து சொல்லிக் குடுன்னு எங்கம்மா.

அப்டிதான் நான் உங்ககிட்ட வந்தேன். என் கல்யாணத்துக்கு நானே பாடம் எடுக்கறதுக்கு.

நீங்க பண்டிகைக்கு பண்டிகை ஒரு வெளயாட்டு சொல்வீங்க. எனக்கு அது புடிச்சிது, பொய் சொல்லல. ஆயுத பூஜைக்கு பொரிய தாம்பாளத்துல போட்டு ஊதச் சொன்னீங்க. ஊடு பூரா பொரி, எறும்பு வந்து எங்கம்மா தொடப்பத்தோட சுத்தினாங்க. ஆனா மூச்சு நேரா வந்துச்சி. தீபாவளிக்கு பாம்பு மாத்திர கொளுத்தி வெச்சி ஸ்ஸுன்னு சொல்ல வெச்சோம். அதுலதான் சித்தி வந்துச்சி. மொதல்ல இத்தி, அப்பால சித்தி. கார்த்திகைக்கு விளக்க ஊதி அணைக்கச் சொன்னீங்க, அது மட்டும் சண்ட ஆயிடுச்சி. விளக்க வாயால ஊதலாமா, மெட்ராஸ்காரிக்கு என்னா தெரியும்னு எங்கம்மா... மன்னிச்சிக்குங்க, அவுங்க பேச்சு அப்டி. தீக்குச்சி கொளுத்தி ஊத வெச்சேன். ஒரு பெட்டி தீந்துபோச்சி. வருசக் கடசீல படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் பாட்டு பாடி சூடம் ஏத்திகினே ஏறுவாங்க இல்ல, அந்தக் கூட்டத்துல என் தோள்மேல ஒக்காந்துகினு அரோகரான்னுச்சி. பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க, அவ்ளோ சத்தமா.

ஒவ்வொண்ணு வர்றப்பவும் ஊட்ல சந்தோசம். எனக்கும்தான். ஆனா சித்தி வந்த வாரம் எங்கம்மா அக்கா ஜாக்கெட்டெல்லாம் பிரிச்சி என் அளவுக்குப் புடிச்சாங்க. அரோகரா வந்த வாரம் பாவா என்ன மனோன்னு கூப்புட்டாரு. மனோரமா எங்கக்கா பேரு. தெரியாம வந்துடுச்சி அவருக்கு. யாரும் கவனிக்கல. இதுல என்னா தெரியுமா, நான் ஆங்னு திரும்பிப் பாத்தேன்.

வேற யாரயாவது மனசுல வெச்சிருக்கேன்னு நெனச்சிடாதீங்க. அப்டி ஒருத்தரும் இல்ல. இருந்திருந்தா ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம்.

போகியன்னிக்கி ப வந்துச்சி. மேளத்தத் தட்டிகினு போகி போகின்னுச்சி, பாவா தெருமொனையில வர்றதப் பாத்து அப்பான்னு ஓடிச்சி. அந்த மனுசன் பையக் கீழ போட்டுட்டு நடுத்தெருவுல குந்திகினாரு. எல்லாரும் என்னப் பாக்கறாங்க. அப்பா வந்துடுச்சி, இனி அம்மாதானே. தை பொறந்துடுச்சி, நைனா ஐயர்கிட்ட தேதி கேட்டு வெச்சிட்டாரு.

நீங்க இப்ப கேட்டீங்களே, ப வந்தா ம வரணும், ரெண்டுக்கும் ஒரே ஒதடுதானே, ஏன் வரலன்னு. அதத்தான் சொல்ல வந்தேன். சுத்தி சுத்தி போறேன்.

மா வந்துடுச்சி டீச்சர். போகிக்கு முன்னாலயே.

படித் திருவிழாவுக்கு மறுநாளு, கண்ணாடி முன்னால ஒக்கார வெச்சி தல வாரிகினு இருந்தேன். ஊட்ல யாரும் இல்ல. கண்ணாடில என்னப் பாத்துகினே அம்மான்னுச்சி. அவ்ளோ தெளிவா. சீப்பு தலையிலயே நின்னுபோச்சி. நான் ஒரு வார்த்த திட்டல. என் மூஞ்சி எப்டி ஆச்சோ தெரியல. அது பாத்துகினு இருந்துச்சி. மூஞ்சியப் பாத்துதான் அதுக்கு நாம எல்லாத்தயும் சொல்லிக் குடுத்திருக்கோம்.

பொங்கலன்னிக்கி எல்லாரும் சுத்தி ஒக்காந்துகினு இருந்தாங்க. எங்கம்மா ஒரு துண்டு கரும்பக் காமிச்சி, என்னக் காட்டி, அம்மா சொல்லு, தரேன்னாங்க. அது திரும்பி என்னப் பாத்துது. ரெண்டு ஒதட்டயும் உள்ள மடிச்சி கடிச்சிகிச்சி. கையப் பின்னால கட்டிகிச்சி. கரும்புன்னா உசுரு டீச்சர் அதுக்கு.

நான் சொல்லிக் குடுக்கல. சத்தியமா சொல்லிக் குடுக்கல.

அதுக்கு முன்னாலயெல்லாம் மத்தியானம் தூங்க வெக்கறப்போ, யாரும் இல்லன்னா, எங்காதுல வாய வெச்சி அம்மான்னு சொல்லும். வெறும் மூச்சு மாதிரி. நல்லாதான் இருக்கும். அந்த வார்த்த எனக்கு வேணும் டீச்சர். அதோட கூட வர்றதுதான் வேணாம். பொங்கல்லேர்ந்து அதுவும் நின்னுபோச்சி. சித்தி இல்ல, அப்பா இல்ல, அரோகரா இல்ல. தண்ணி வேணும்னா சொம்பக் காட்டுது. அந்த ஒண்ணு வெளிய வந்துடக் கூடாதுன்னு மொத்தத்தயும் உள்ள வெச்சிகினு இருக்குது. பனி, கண்ணு பட்டிடுச்சின்னு ஊட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. பாவா நாளைக்கி மந்திரிக்க இட்டுகினு போறேன்னாரு. இல்ல, நான் இன்னிக்கே பேச்சு டீச்சரப் பாக்கணும்னு இட்டுகினு வந்தேன்.

கௌரிக்கு மா வருது. எனக்குத்தான் வரல. மாட்டேன்னு ஒரு வார்த்த. அன்னிக்கி படியில நைனா கேட்டப்ப சொல்லியிருக்க வேண்டியது. அதக் கொழந்த தலையில கட்டிட்டு நான் பாட்டுக்கு பொரி ஊதிகினு இருந்தேன்.

உங்க ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்குது இல்ல? பாவாவ உள்ள கூப்புடுங்க. நீங்க எழுந்து போயிடாதீங்க. எனக்காக ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் வாயப் பாத்துகினு இருங்க, போதும்.