கெபித் தண்ணீர்

தண்ணீரைக் கொட்டச் சொல்வதுதான் என் வேலை, இன்ஸ்பெக்டர் ஐயா. சாந்தோமில் நாலு தெரு என் பொறுப்பு. தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்து, கொசுப்புழு இல்லையென்றால் வாசலில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஜனங்களுக்குக் காட்ட ஒரு பாட்டிலில் உயிருள்ள புழுவும் வைத்திருப்பேன்.

அகஸ்டின் சார் பங்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். என் பெயர் ஆனி என்று தெரிந்தும் 'கொசு' என்றுதான் கூப்பிடுவார். ஒரு வருஷம் என்னைத் தன் வீட்டு கேட்டைத் தாண்ட விடவில்லை. "மேல ஒண்ணும் இல்ல. கையெழுத்து போட்டுக்கினு போ." நானும் போட்டேன். வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்று நம்பிய மடச்சி நான்.

ஆகஸ்டில் கார்ப்பரேஷன் அதிகாரி சோதனைக்கு வந்தார். மாடி டிரம்மில் புழு நெளிந்தது. சார் அட்டையை நீட்டினார். "இந்தப் பொம்பள பாக்காமயே கையெழுத்து போட்டுட்டுப் பூடுவா. நாங்க இன்னா பண்றது?"

தெருவே நின்று பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது, மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு கேட்டைத் திறந்துவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு அவர் மகள் சான்ட்ரா வந்திருந்தாள், ஏழு மாதம். "வெயில்ல வர்றீங்களே அக்கா" என்று மோர் கொடுப்பாள். நல்ல பெண்.

அவர்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள், குகை மாதிரி கல்லில் கட்டி மாதா சிலை வைத்த கெபி இருக்கிறது. மாதா காலடியில் ஒரு கல் தொட்டி, அதில் ஃபாதர் மந்திரித்த தீர்த்தம். எங்கள் ஜனங்கள் தீர்த்தத்தைக் கொட்டமாட்டார்கள். குறையக் குறைய ஊற்றுவார்கள். அதிகாரிகளும் அதில் கை வைக்கத் தயங்குவார்கள். நானும் அந்த ஜனம்தானே, எனக்குத் தெரியாதா.

ஒரு செவ்வாய்க்கிழமை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பாட்டிலை அந்தத் தொட்டியில் கவிழ்த்தேன். அட்டையில் 'புழு இல்லை' என்று எழுதினேன். அடுத்த செவ்வாயும் கவிழ்த்தேன். அதற்கடுத்ததும். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு டெங்கு. கொசு அவர்களைக் கடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தால் போதும். இதை வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான்.

கிழவர் காய்ச்சலில் கிடக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். பகலெல்லாம் சார் கோவில் ஆபீசில் இருப்பார். கெபி முன்னால் நாற்காலி போட்டு ஜெபமாலை சொல்கிறவள் சான்ட்ரா. அதுவும் எனக்குத் தெரியும்.

நாலாவது செவ்வாய், கையில் தடிப்பைக் காட்டினாள். "இங்க கொசு இருக்குதா அக்கா, கொஞ்சம் பாருங்களேன்." குனிந்து பார்த்தேன். தொட்டி நிறையப் புழு. "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவள் நம்பினாள்.

காய்ச்சல் ஆறு நாள். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது, அவளும் போய்விட்டாள். ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். சார் அழுததைப் பார்த்தேன். எரிச்சல் கொஞ்சம்கூடத் தணியவில்லை, அதுதான் ஆச்சரியம்.

கல்லறையிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போய், தீர்த்தத்தை நானே கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அட்டையில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன், பாருங்கள். இன்னொரு உயிர் போகக் கூடாதே ஐயா. அந்த ஆகஸ்டைத் தவிர, பத்து வருஷத்தில் என் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.