அவர் கேட்ட சீப்பு

அந்தச் சீப்பு என்னுடையது, சார். உங்கள் போலீஸ் விசாரணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு சீப்பு என் முடிக்குச் சரிப்பட்டு வராது.

என் வீட்டுக்காரர் கணக்குத் தணிக்கை அதிகாரி. ஆபீசில் கணக்கில் குற்றம் கண்டுபிடிப்பார், வீட்டில் என்னிடம். விருந்தாளிகள் முன்னால், "பேசத் தெரியலைன்னா சும்மா இரேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய். இரண்டு தடவை கீமோ கொடுத்தும் திரும்பி வந்தது. கடைசியில் அவர் ரத்தத்திலிருந்தே வெள்ளை அணுக்களைப் பிரித்து, புற்றைத் தேடிக் கொல்லும்படி லேபில் மாற்றி, மறுபடி உடம்பில் ஏற்றினார்கள். நன்றாகவே வேலை செய்தது. கழுத்துக் கட்டி கரைந்துகொண்டே வந்தது. ஆனால் அந்த அணுக்கள் சிலருக்கு மூளையைக் குழப்பிவிடுமாம். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுக்கச் சொன்னார்கள். தினமும் நான் பொருள்களைக் காட்டி அவரிடம் பெயர் கேட்க வேண்டும். ஒரு சொல் தடுமாறினாலும் உடனே ஃபோன் செய்ய வேண்டும், ஊசி போட்டால் சரியாகிவிடும். நர்ஸம்மா என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். தப்பில்லாமல் சொன்னேன்.

நேற்றுக் காலை கடிகாரத்தைக் காட்டினேன். "தட்டு" என்றார்.

"தப்பு" என்றேன். தலையணையைக் காட்டினேன். திருதிருவென்று விழித்தார். "பேசத் தெரியலைன்னா சும்மா இருங்க" என்றேன். வயிறு குளிர்ந்துபோயிற்று, சார். மறைப்பானேன்?

கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மாவே ஃபோன் செய்தாள். "ஐயா நல்லா பேசுறாராம்மா?"

"அவருக்கென்ன, ஜம்முனு இருக்கார்."

மத்தியானம் உடம்பு அனலாய்க் கொதித்தது. மேஜைமேல் இருந்த ஃபோனை நோக்கிக் கை நீட்டினார். "சீப்பு... சீப்பைக் குடு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் வலிப்பு வந்தது, அத்தோடு போய்விட்டார்.

ஃபோனைத்தான் கேட்டார் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? தலையில் ஒரு முடிகூட இல்லாத மனுஷன். ஆனாலும் வாய் திறந்து கேட்டது சீப்பைத்தானே? ஃபோனை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு, சீப்பை அவர் கையில் வைத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதே இல்லை, சார். சாகக் கிடக்கிறவரிடமா பேசுவேன்?