லேத் பெட்டின் வடக்கு மூலை

காந்திபுரத்தில் நிற்கிற பஸ்களின் போர்டில் இப்போதெல்லாம் எழுத்தைச் சின்னதாக எழுதுகிறார்கள். வேறு பஸ்ஸில் ஏறிப் போய்த் திரும்பி வந்ததில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சொன்ன நேரத்துக்கு வருகிறவன் நான்.

என் பெயர் சந்தியாகு, வயது ஐம்பத்தொன்று. சூலூருக்குப் பக்கத்தில் ஒரு பவுண்டரியில் 1974 முதல் இருபத்திரண்டு வருடமாக மோல்டர். மண்ணில் அச்சு எடுப்பது என் வேலை. மரத்தில் செய்த பேட்டர்னை மண்ணுக்குள் வைத்து இறுக்கி, அலுங்காமல் வெளியே எடுத்தால் அதே வடிவத்தில் குழி நிற்கும். அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். பெரிய உருப்படி என்றால் தரையிலேயே பள்ளம் எடுத்து அச்சு செய்து, கரி நெருப்புப் போட்டு நாள் முழுக்க உலர்த்துவோம். இரும்புக் குழம்புக்கு அடியில் ஈரம் சிக்கினால் ஆவியாகி, மேலே உள்ள இரும்பைத் தூக்கி அடிக்கும். இது பவுண்டரியைக் கூட்டிப் பெருக்குகிற ராசாத்தாளுக்கும் தெரியும்.

வேலுமணியும் மோல்டர்தான். அன்னூர்ப் பக்கம், முப்பத்திரண்டு வயது. இரும்பு ஊற்றுகிற நாளில், இரும்புக் குழம்பைச் சுமக்கிற வாளியான லேடிலின் முன்பிடியை அவன்தான் பிடிப்பான். பின்பிடி அக்பர் அலி பாய்க்கு. வேலுமணியைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். நல்லவன். தொந்தரவே அதுதான்.

போன வருடம் என் அச்சில் வார்த்த உருப்படிகள் ஓட்டையும் சொட்டையுமாக வந்தன. மண் சரியில்லை. ஆடிக்குப் பிறகு எல்லாம் தானாகச் சரியாயிற்று. முதலாளி சென்னகிருஷ்ணன் அத்தனை பேர் முன்னாலும், "சந்தியாகு கையின்னா அது வேறதானப்பா" என்றார். அன்றைக்கு வீட்டுக்குக் கோழி வாங்கிக்கொண்டு போனேன்.

மாசி மாதம் ஒரு நாள் டீக்குப் போனவன், துண்டை விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தேன். வேலுமணி என் அச்சின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, கரணையால் உள்ளே எதையோ பூசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாய் நின்றார்.

"அண்ணனுக்குக் கண்ணு அத்தன செரியில்லீங்க பாய். ஆடியிலிருந்தே நாந்தான் இப்பிடிச் சரி பண்ணிப்போடறனுங்க. மொதலாளிக்குத் தெரிய வேண்டாமுங்க. அண்ணன் பாவமுங்க."

நான் துண்டை எடுக்காமல் திரும்பிப் போய் டீயைக் குடித்தேன். கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அந்த வாரம் கோயிலில் பூசையும் பார்த்தேன். என் தப்பையெல்லாம் திருத்துகிறவன் ஒரு தப்பை நான் வைத்தால் கண்டுபிடிக்கிறானா பார்ப்போம் என்று மட்டும் தோன்றியது. ஒரு பரீட்சை, அவ்வளவுதான்.

பங்குனியில் ஆறடி லேத் பெட், அதாவது கடைசல் எந்திரத்தின் அடிப்பாகம், ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. அதன் அச்சை நான்கு நாள் செய்தேன். அது போல இன்னொன்று நான் செய்ததில்லை. உலர்த்தி முடித்த பிறகு, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் வடக்கு மூலையை மட்டும் தோண்டினேன். ஒரு சாக்கை நனைத்து மடித்து அடியில் வைத்தேன். மேலே காய்ந்த மண்ணை இறுக்கி, கருப்புப் பூச்சு பூசி, தணலைக் காட்டி ஆற்றினேன். மண் வேலைக்குக் கண் எதற்கு, விரல் போதும். தடவிப் பார்த்தேன். தோண்டின இடம் எனக்கே தெரியவில்லை.

டீ நேரத்தில் அவனுக்காகவே எழுந்து போனேன். அரை மணி கொடுத்தேன். திரும்பி வந்து கேட்டேன்.

"பாத்துட்டியா, வேலு?"

அவன் முகம் சிவந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்று அவன் நினைத்திருந்தது எனக்குத் தெரிந்துவிட்டதே என்ற கூச்சம். "பாத்தனுங்ணா. கண்ணாடியாட்ட இருக்குதுங். இன்னைக்கு நான் கை வெக்கறதுக்கு வேலையே இல்லீங்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தாச்சுங்ணா."

இரண்டு தடவை கேட்டேன். கொல்ல நினைப்பவன் இரண்டு தடவை கேட்பானா?

நான்கு மணிக்கு ஊற்றினார்கள். நான் தூணுக்குப் பக்கம் நின்றேன். இரும்பு தெற்கிலிருந்து நிரம்பி வடக்கு மூலைக்குப் போக ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை நடக்கும்போது விடை சொல்லக் கூடாது. பிறகு நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. வேலுமணி ஆஸ்பத்திரி போகிற வழியில் இறந்துபோனான். அக்பர் அலி பாய்க்கு இரண்டு காலும் வெந்துவிட்டன. பின்பிடியில் ஆள் இருப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை. அதை மட்டும் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளலாம்.

நான் வாயைத் திறக்காமலே இருந்திருப்பேன். விசாரிக்க வந்த அதிகாரி, மோல்டரின் பார்வைக் குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வேலுமணியின் பெண்டாட்டி கயல்விழி, கைக்குழந்தையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல தப்பில்லீங்ணா. கண்ணு தெரியாம நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க பாவமுங்கன்னு அவரு எப்பவும் சொல்லுவாருங்க."

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் வந்தேன். அந்த ஈரம் தெரியாமல் விட்டது அல்ல, நான் வைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் எடுத்த அச்சுகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. அவனாலேயே குறை கண்டுபிடிக்க முடியவில்லை. என் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று தனியாக ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதிவிட்டதாக ரைட்டர் சொல்கிறார். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் என் விரலைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.