காற்று அசையாத மதியங்களில் கேட்ட குரல்

பல நாட்டுப் பேச்சையும் காலை முதல் கேட்டுக்கொண்டு, ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் இந்த அவையை நடத்திவரும் மாண்புமிகு தலைவர் அவர்களே, அலை கடந்து வந்து அலைக்கற்றைக்காக அமர்ந்திருக்கும் அண்டை நாட்டுப் பிரதிநிதிகளே, அலைவரிசைகளை அளந்தும் பிரித்தும் காத்துமே தலை நரைத்த பெரியோர்களே, பிள்ளையின் அழைப்பு எந்நேரம் வருமோ என்று கைபேசியை மடியிலேயே வைத்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவர் முன்னும் தலை வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'கைபேசி, செயற்கைக்கோள் சேவைகளுக்கான அலைக்கற்றைக் கொள்கையில் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு.' தலைப்பை வாசிக்கும்போதே முன்வரிசையில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார். பரவாயில்லை ஐயா, மறைக்க வேண்டாம். நானும் இத்தனை ஆண்டுகளாக இந்தத் தலைப்பில் பேச்சுக் கேட்டுக் கொட்டாவி விட்டவள்தான். அதனால் இன்று தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வானலைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் பொறியாளர். என் வேலை பேசுவதன்று, கேட்பது. யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள், யார் யாருடைய பேச்சில் குறுக்கே புகுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பது. அப்படிக் கேட்கப் போன இடத்தில், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தேன்.

கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, நமக்குச் சொந்தமான ஒரு சின்னத் தீவு. ஒரு படகுத்துறை, ஒரு மருத்துவ நிலையம், சில தெருக்கள். அந்தத் தீவுக்கும் உலகத்துக்கும் நடுவே இருந்த ஒரே இழை, மருத்துவ நிலையத்தின் மாடியில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்த செயற்கைக்கோள் தட்டு. தொலைபேசி அதன் வழி. மருத்துவரின் ஆலோசனை அதன் வழி. புயல் எச்சரிக்கையும் அதன் வழிதான். அந்த இழை, காற்று அசையாத மதியங்களில் மட்டும் அறுந்துபோனது. காலையில் பேசும், மாலையில் பேசும். வெயில் உருகி, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும் மதியத்தில் மட்டும் செத்துப்போகும்.

அதுமட்டுமானால் எங்கள் அலுவலகம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கும். ஆனால் அதே மதியங்களில், படகுத்துறை அலுவலகத்தின் வாக்கி டாக்கியில் ஒரு ஆண் குரல் வரத் தொடங்கியது.

அந்த அறையின் பொறுப்பாளருக்கு 'ஓவர் அண்ணன்' என்று பெயர். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் 'ஓவர்' சொல்லிப் பழகி, வீட்டிலும் "குழம்பு ஊத்து, ஓவர்" என்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர். சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் எனக்கு அந்தக் குரலைப் பற்றிச் சொன்னபோது 'ஓவர்' சொல்ல மறந்திருந்தார்.

"மேடம், நம்ம படகு ஒண்ணுகூட கடல்ல இல்லாத நேரத்துலயும் வருது. கேக்குதா, அங்க யாராவது இருக்கீங்களான்னு கேக்குது. அவ்ளோதான். அப்புறம் காத்து கிளம்புனா போயிடுது."

அறையின் மூலையில், வாக்கி டாக்கிக்கு எதிரே, ஒரு பெண் அமர்ந்திருந்தார். படகுகளுக்கு ஐஸ் உடைத்து விற்பவர். ஊரே ஐஸ்கடை அக்கா என்று அழைக்கும். அவர் கணவர் ஒரு படகில் எஞ்சின் டிரைவர். முந்தைய ஆண்டு அந்தப் படகு போனது, திரும்பவில்லை. பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. இப்போது இந்தக் குரல். அவர் ஒவ்வொரு மதியமும் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். குரல் வந்ததும் பொத்தானை அழுத்துவார்.

"என்னங்க, நான்தான். கேக்குதா? நான்தான் பேசறேன்."

பதில் வராது. இரைச்சல்தான் வரும். அந்த அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை, அதன் சத்தத்தில் குரல் தவறிப்போகும் என்று அவரே அணைத்து வைத்திருந்தார். வியர்வை வழிய நான் நின்றேன். அப்போது அது வந்தது. மிகத் தெளிவாக, பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோல. "கேக்குதா... அங்க யாராவது இருக்கீங்களா..." தாய்மார்களே, நான் படித்தவள். அலையின் நீளமும் வேகமும் அறிந்தவள். ஆனாலும் ஓரடி பின்வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கூரைமேல் என் ஆன்டெனாவை ஏற்றித் திசை பார்த்தேன். குரல் நம் கரையிலிருந்து வரவில்லை. கடலுக்கு அப்பால், நம் மொழியே பேசும் அண்டை நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து வந்தது. எப்படி வரும் இவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்களா? கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும், அதன்மேல் வெப்பக் காற்றும் மூடி போட்டதுபோல் படிந்துவிட்டால், அலை மேலே தப்ப முடியாமல், குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதுபோல் அடிவானம் கடந்து ஓடும். காற்று வீசினால் மூடி கலையும், குழாய் உடையும். அந்தக் குழாயின் வழியே வந்தது குரல் மட்டுமன்று. மறுகரையின் புதிய கைபேசி கோபுரங்களின் அலைகளும் வந்தன. செயற்கைக்கோள் வானிலிருந்து கிசுகிசுக்கும் அதே அலைவரிசைகளின் அருகே, கோபுரங்கள் கத்தின. தட்டின் காது அடைத்தது. தீவு ஊமையானது.

ஐஸ்கடை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஐஸ் குத்தும் கம்பியைக் கீழே வைக்கவில்லை.

"அங்க பேசற ஆளு உயிரோட இருக்காரா?"

"இருக்காரு அக்கா. வேற ஆளு."

"அப்போ வேற யாரோ வீட்டுக்காரரு. நல்லா இருக்கட்டும்" என்றார். மறுபடி ஐஸை உடைக்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் முறைப்படி மேலே எழுதினேன். என் அலுவலகம் துறைக்கு, துறை அமைச்சகத்துக்கு, அமைச்சகம் வெளியுறவுக்கு, வெளியுறவு அவர்களுடைய வெளியுறவுக்கு, அங்கிருந்து அதே படிக்கட்டில் கீழே. யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். மறுகரை அலுவலகத்துக்கு நேரே தொலைபேசியும் போட்டேன். "அனுமதிக் கடிதம் இல்லாம லைன் தர முடியாதுங்க மேடம்" என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். அலை கண்ணிமைப்பதற்குள் கடக்கும் கடலை, ஒரு தாள் கடக்கப் பருவமே முடிந்துவிடும்.

அதற்குள் அந்த மதியம் வந்துவிட்டது.

பல நாளாகத் துறையில் நின்ற ஒரு படகு. அடியில் மீன் அறை. அழுகிய மீனிலிருந்து கிளம்பும் விஷக்காற்று அங்கே தேங்கியிருந்தது யாருக்கும் தெரியாது. அறையைக் கழுவ வந்த சகோதரர் இருவரில் அண்ணன் முதலில் இறங்கினான், விழுந்தான். அண்ணனைத் தூக்கத் தம்பி இறங்கினான், அவனும் விழுந்தான். மேலே நின்றவர்கள் கயிறும் கொக்கியும் போட்டு இழுத்து மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிவந்தார்கள். நர்ஸம்மா ஒருவர்தான். ஆக்சிஜன் சிலிண்டரும் ஒன்றுதான். அண்ணன் முகத்தில் கொஞ்ச நேரம், தம்பி முகத்தில் கொஞ்ச நேரம் என்று முகமூடியை மாற்றி மாற்றி வைத்தார். யாரிடமிருந்து எடுப்பது, யாருக்குக் கொடுப்பது? தொலைபேசியை எடுத்தார். செத்துக் கிடந்தது. வெளியே ஒரு இலையும் அசையவில்லை.

நானும் ஓவர் அண்ணனும் மாடியில், தகரத் தட்டிகளைக் கட்டித் தட்டுக்கு மறைப்புப் போட முயன்றுகொண்டிருந்தோம். கை சுட்டது, பயன் இல்லை. வாக்கி டாக்கி நம் கரைக்கு எட்டாது. நம் கரை அந்தக் குழாய் போகும் திசையில் இல்லை. அப்போது கீழே, பக்கத்துக் கட்டடத்தின் திறந்த ஜன்னல் வழியாக ஐஸ்கடை அக்காவின் குரல் கேட்டது.

"அண்ணா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் இல்லேன்னு மட்டும் தெரியும். இங்க ரெண்டு பேர் மூச்சில்லாம கெடக்காங்க. காதுல விழுந்தா பதில் சொல்லுங்க."

இரைச்சல். மறுபடி அதையே சொன்னார். மறுபடி இரைச்சல். பிறகு அந்தக் குரல், முதல்முறையாக, கேள்வியை மாற்றிக் கேட்டது.

"நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?"

ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"இருக்கேன்" என்றார் அக்கா.

"நிஜமா?"

"நான் இருக்கேன் அண்ணா. இந்த ரெண்டு பசங்கதான் இருக்க மாட்டாங்க போல. சொல்றதக் கேளுங்க."

மறுகரைக்காரர் யார் தெரியுமா? கப்பல்களுக்கு வழிகாட்டும் படகுகளோடு பேசும் நிலையத்தில் வேலை. தன் படகுகளைத்தான் "கேக்குதா" என்று அழைத்துக்கொண்டிருந்தார். காற்றில்லாத மதியங்களில் அவர் கருவியில் ஒரு பெண் குரல் வந்தது. "என்னங்க, நான்தான்." அவர் நிலையத்தில் மனைவியை இழந்த ஒரு படகோட்டி இருந்தார். அதைக் கேட்டபின் அந்தப் படகோட்டி அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். மற்றவர்களும் மதியத்தில் வர மறுக்க, படகுகளை அழைக்க இவர் மட்டும் தனியே இருந்தார். அந்நிய நிலையத்துக்குப் பதில் சொல்லக் கூடாது என்று விதி ஒருபக்கம். பதில் சொன்னால் கூடவே வந்துவிடும் என்ற பயம் மறுபக்கம். நாம் அவரைச் செத்தவர் என்று நினைத்தோம். அவர் நம்மைச் செத்தவர் என்று நினைத்தார். இரண்டு கரையிலும் உயிருள்ளவர்கள், ஒருவரையொருவர் ஆவியென்று அஞ்சி வாய்மூடி இருந்தோம்.

நான் ஓடிப்போய்க் கருவியை வாங்கி, கோபுரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"டவரா? அத என் மச்சான்தான் பாத்துக்கறான். சாப்ட்டுட்டுத் தூங்கிட்டிருப்பான். எழுப்பறேன், லைன்லயே இருங்க."

அந்த மச்சான் எழுந்தார், ஓடினார், கடலைப் பார்த்த ஆன்டெனாக்களை மட்டும் அணைத்தார். நர்ஸம்மா காதில் வைத்திருந்த செத்த தொலைபேசி மூச்சுவிட்டது. மருத்துவர் வந்தார் இணைப்பில். மீட்புப் படகு ஆக்சிஜனோடு புறப்பட்டது. தம்பி இன்று கடலுக்குப் போகிறான். அண்ணன் பிழைத்தான், ஆனால் பேச்சு தடுமாறுகிறது, ஒரு சொல்லுக்காக வெகுநேரம் தேடுகிறான். இழை முன்பே உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சொற்களும் அவனோடு இருந்திருக்கும்.

மச்சானுக்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? மெமோ கிடைத்தது. அனுமதியின்றி, அந்நியர் சொல் கேட்டு, கோபுரத்தை அணைத்ததற்காக. சிரிக்கிறீர்கள். அவர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நம் கரை மட்டும் யோக்கியமா? பேசத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அதே பருவத்தில் நம் கரையின் வேறொரு முனையில் இருந்த கோபுரங்கள் அவர்களுடைய வானிலைத் தட்டைக் குருடாக்கியிருந்தன. அவர்களும் காரணம் தெரியாமல் கருவியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, நான் வந்த காரணமே இனிமேல்தான்.

பிறகொரு மதியம் மறுகரைக்காரர் அழைத்தார். பழகிவிட்ட குரல்.

"மேடம், உங்க பக்கத்துலேருந்து இன்னொருத்தர் பேசுவாரே, தண்ணி ஏறுது தண்ணி ஏறுதுன்னு. கொஞ்ச நாளா காணோமே. தொட்டி ரிப்பேரா?"

ஓவர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தக் குரலை நாங்களும் கேட்டிருந்தோம். அவசரமில்லாத, களைத்த ஒரு ஆண் குரல். "தண்ணி ஏறுது." மறுகரையில் யாரோ தொட்டி நிரப்பிவிட்டு மோட்டாரை அணைக்கச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர்களோ, நம் தீவில் யாரோ தொட்டி நிரப்புவதாக நினைத்திருந்தார்கள்.

என் பதிவுகளைத் தேடினேன். கிடைத்தது. திசையும் பதிவாகியிருந்தது. திசை காட்டும் முள் நம் கரையைக் காட்டவில்லை. அவர்கள் கரையையும் காட்டவில்லை. திறந்த கடலைக் காட்டியது. ஐஸ்கடை அக்கா கேட்டுவிட்டு, "இது அவரு இல்ல" என்று எழுந்து போனார். இரண்டு கரையிலும் விசாரித்தோம். வேறெந்தக் கரையின் படகோ, யார் பெற்ற பிள்ளையோ, இன்றுவரை தெரியாது. அந்தக் குரல் மறுபடி வரவே இல்லை.

அவையோரே, அது ஆவியின் குரலா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆவியாக இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். பேசிய அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்திருந்தால்? தண்ணீர் கணுக்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, இடுப்பில் ஏறி, இரண்டு நாடுகள் கேட்டுக்கொண்டே இருக்க, இரண்டு நாடும் அவரை அடுத்தவர் ஆள் என்று எண்ணியிருந்தால்? கேட்காததால் நேர்ந்த மரணத்துக்குச் சமாதானம் உண்டு. கேட்டும், யாருடையது என்று கேளாமல் விட்டதற்கு என்ன சமாதானம்?

நாளை இந்த அரங்கில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வருகிறது. கோபுரம் நடும் முன் அண்டை நாட்டுத் தட்டுகளுக்குத் தொல்லை வருமா என்று கேட்டு நடுவோம் என்கிறது. குறுக்கீடு வந்தால், அமைச்சகப் படிக்கட்டு ஏறாமல், கேட்கும் அறையிலிருந்து கேட்கும் அறைக்கு நேரே பேசலாம் என்கிறது. உயிர் ஆபத்தில் ஒரு கோபுரத்தை அணைத்தவருக்கு மெமோ இல்லை என்கிறது. வரிகளில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். உங்களுக்குள் மனத்தாங்கல் இருக்கலாம். ஏலம் விட்ட அலைவரிசையை எப்படித் திருப்பித் தருவது என்ற கவலை இருக்கலாம். பேசுங்கள், வாதாடுங்கள், விடியும்வரை சண்டைகூடப் போடுங்கள். ஆனால் கையெழுத்திடாமல் எழுந்து போகாதீர்கள். மண்ணைப் பங்கு போட்டோம், நீரைப் பங்கு போட்டோம். காற்றில் வரும் ஒரு மனிதக் குரலை மட்டும், இது உன்னுடையது, என்னுடையது அல்ல என்று இனிமேல் பங்கு போட வேண்டாம். கூப்பிடுகிறவன் எந்த நாட்டுக்காரன் என்பதைக் கரை ஏற்றிவிட்டுக் கேட்போம்.

பேச இடம் தந்த தலைவருக்கும், கொட்டாவியை நடுவிலேயே நிறுத்திவிட்டுக் கேட்ட அந்தப் பெரியவருக்கும், மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் அழுத்திப் பிடித்தபடி இமைக்காமல் அமர்ந்திருந்த அயல்நாட்டு நண்பர்களுக்கும், நின்ற கால் வலித்தும் நகராத பிள்ளைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.