கதவுக்கு வெளியே நிற்க ஓர் ஆள்

இருந்தவர்கள்:

இளவரசி. அவள் கதவைப் பூட்டினால் மந்திரம். மற்ற நேரங்களில் வெறும் வாய்.

தளபதி. இளவரசிக்கு அத்தை. அரசர் தம் அக்காவுக்கு மட்டும்தான் பயப்படுவார்.

பூட்டுக்காரன். அந்த மலை ராஜ்யத்துக்கு இருக்கும் ஒரே வாசல் கதவைப் பழுதுபார்ப்பவன். அடிக்கடி பழுதுபார்ப்பவன்.

கதவுக்கு வெளியே, மலைச்சரிவில், எதிரிப் படை. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் இவர்களுக்குப் பேச நேரம் கிடைத்தது.

— இன்னொரு தடவை இந்தக் கதவு விழுந்துச்சுன்னா, பூட்டு, உன்னையே நிலையில வச்சு ஆணி அடிச்சுருவேன்.

— அடிங்க தளபதியம்மா. ஆனா கதவுல ஒரு குறையும் கிடையாது. நான் சோதிச்சப்ப பாறை மாதிரி நின்னுச்சு.

— நீ சோதிச்சா நிக்குது. மாப்பிள்ளை வந்தா விழுது. அதுக்கென்ன கண்ணா இருக்கு, ஆள் பார்த்து விழ?

— மாப்பிள்ளைங்க அப்படி, அத்தை. கதவைச் சொல்லாதீங்க.

— நீ பேசாதடி. ஜன்னல் வழியா எட்டிப் பாரு. பக்கத்து நாட்டு ராஜா எதுக்குப் படையோட வந்து உட்கார்ந்திருக்கான்? நம்ம மலையில தங்கமா விளையுது? உன்னைப் பொண்ணு பார்க்க வந்த அவனை வழக்கப்படி வெளிய நிறுத்தினோம். நீ வழக்கப்படி உள்ள இருந்து பூட்டின. அவன் ஒரே ஒரு தும்மல் போட்டான். கதவு அவன் மூஞ்சி மேல விழுந்து மூக்கு உடைஞ்சுச்சு.

— மூக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும்.

— உனக்கெப்படித் தெரியும்? நீ அவனைப் பார்த்ததில்ல, அவன் உன்னைப் பார்த்ததில்ல. கதவு நின்னாத்தான் முகம் காட்டணும்.

— அதுதான் அத்தை கிறுக்குத்தனம். வெளிய நிக்கிறவங்க மேல பூட்டுறவளுக்கு எவ்வளவு பிரியமோ, கதவுக்கு அவ்வளவு பலம். மந்திரம் அப்படி. முகமே தெரியாதவனைக் கொண்டாந்து நிறுத்தினா பிரியம் எங்கேர்ந்து வரும்? யார் போட்ட வழக்கம் இது?

— நம்ம வம்சத்துல எவளோ ஒரு வேலையத்தவ.

— குறுக்க பேசுறேன், மன்னிக்கணும். அங்க பாதிப் பேர் கை கழுவ எழுந்துட்டாங்க. இன்னொரு தாழ்ப்பாள் போட்டுப் பார்க்கட்டுமா?

— தாழ்ப்பாளா? ஒரு படையே தோளைக் கொடுத்துத் தள்ளப்போகுது. மந்திரம் ஏறலைன்னா இது வெறும் பலகை. இன்னைக்குக் கதவு நிக்கலைன்னா ராஜ்யம் இல்ல, புரியுதா? ஏண்டி, வெளிய நிறுத்த உனக்கு ஒருத்தர்கூடவா கிடையாது? உங்கப்பாவை நிறுத்தினா என்ன?

— காலையில நிறுத்தியாச்சு. நல்லாத்தான் நின்னுச்சு. அப்புறம், நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப என் கழுதைக்குட்டியை என்னைக் கேட்காம வித்தாரே, அது ஞாபகம் வந்துச்சு.

— விழுந்துச்சா?

— முதுகுல எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுப் படுத்திருக்கார்.

— உன் பூனை? அதை வெளிய நிறுத்தினா கதவு இரும்பு மாதிரி நிக்குமே.

— அந்தப் பேச்சே எடுக்காதீங்க. மூக்கு உடைஞ்சவன் கூடாரத்துல, அவன் மடியிலேயே உட்கார்ந்து மீன் தின்னுது. ஜன்னல்ல இருந்து கூப்பிட்டேன் அத்தை. திரும்பி என்னைப் பார்த்துச்சு. பார்த்துட்டு மறுபடியும் மீன் பக்கம் திரும்பிக்கிச்சு.

— துரோகி.

— நீங்களே பூட்டுங்களேன். உங்களுக்கும் இதே ரத்தம்தானே?

— எனக்கு வராது. ஒரு தடவை உங்க மாமாவை வெளிய நிறுத்திப் பூட்டிப் பார்த்தேன். ஒரு ஈ வந்து கதவு மேல உட்கார்ந்துச்சு.

— ஈயா?

— சின்ன ஈ. கதவு விழுந்துருச்சு. அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கிட்டு மலையிறங்கிப் போயிட்டார். நானும் தேடல. எனக்கு யார் மேலயும் அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் கத்தியைக் கையில எடுத்தேன். போகட்டும். ஏய்யா பூட்டு.

— சொல்லுங்க தளபதியம்மா.

— நீ சோதிக்கும்போது எங்க நிப்ப?

— வெளியதான். எதிரி வெளிய இருந்துதானே வருவான்? உள்ள நின்னு இழுத்துப் பார்க்குறது வேலை தெரியாதவன் செய்யுறது. நான் வெளிய போய், தோளைக் கொடுத்து மோதிப் பார்ப்பேன். என் தொழில் அப்படி.

— பூட்டுறது யாரு?

— இளவரசிதான். வேற யாரு பூட்டினாலும் ஒழுங்கா இருக்காதுன்னு அவங்களே சாவியைப் பிடுங்கிக்குவாங்க.

— மோதினா?

— எனக்குத் தோள்தான் வீங்கும். கதவு அசையாது. ‘வேலை சுத்தம்’னு சொல்லிட்டு உள்ள வருவேன். அப்புறம் மாப்பிள்ளை வெளிய போவார், கதவு விழும். எனக்கே ஒண்ணும் புரியல. அது வேற விஷயம்.

— அது வேற விஷயம் இல்லடா. அதுதான் விஷயம்.

— அத்தை, என்னை ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

— ஏண்டி நெத்தியெல்லாம் வேர்க்குது?

— இந்த அறையில காத்தே இல்ல.

— போன மழைக்கு இவனை வெளிய விட்டுப் பூட்டிட்டு, திறக்க மறந்துட்டேன்னு சொன்னியே. ஊறின கோணி மாதிரி உள்ள வந்தான்.

— மறக்கல. அவன் வெளிய நின்னு பாடிக்கிட்டு இருந்தான். திறந்தா நிறுத்திருவானேன்னு...

— நான் பாடினேனா? பல்லு கிடுகிடுத்துச்சு, இளவரசி.

— தாளம் சரியா இருந்துச்சு.

— அப்ப கீல் வாரா வாரம் கிறீச்சுன்னு கத்துறது? ‘பூட்டைக் கூப்பிடுங்க’ன்னு அரண்மனையையே ரெண்டு பண்ணுவியே?

— ஈரக்காத்து அத்தை. சத்தியமா.

— மாவு, தளபதியம்மா. கீலுக்குள்ள சமையல்கட்டு மாவு. தினமும் துடைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா சும்மா இருந்த?

— சொல்லியிருந்தா மாவு போடுறதை நிறுத்தியிருப்பாங்க.

— கேட்டீங்களா அத்தை, அவன் என்ன சொன்னான்னு?

— காது நல்லாத்தான் கேட்குது, குதிக்காத. பூட்டு, உன் சாமான் பையை எடு. வெளிய போ.

— அத்தை!

— கத்தாதடி. ராஜ்யத்துக்கே சுவர் கிடைச்சிருக்கு. தோள்பட்டை வீங்கின சுவர். பரவாயில்ல.

— வெளிய படை நிக்குது. வெட்டிருவாங்க.

— வெட்ட மாட்டாங்க இளவரசி. யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு இந்தக் கதவு திறக்கணும். வெளிய ஒரு பூட்டுக்காரன் பையோட நிக்கிறான். யாராவது அவனை வெட்டுவாங்களா? நாற்காலி போட்டு உட்கார வச்சு, ‘எப்ப முடியும்’னு கேட்பாங்க.

— நீ என்ன சொல்லுவ?

— நாளைக்கு.

— மறுநாள் கேட்டா?

— சாமான் வரலைன்னு சொல்லுவேன். அப்புறம், வந்த சாமான் அளவு சரியில்லைன்னு சொல்லுவேன். அப்புறம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு கிளம்பிருவேன். ஒரு அலமாரிப் பூட்டை வச்சு ஒரு குடும்பத்தையே அழவச்சவன் நான். ஒரு படை எம்மாத்திரம்?

— பலே. இவன் பேசுறதைக் கேட்டா பத்துத் தளபதிக்குச் சமம். கிளம்பு. நீ பூட்டுடி.

— பூட்டுறேன்... பூட்டிட்டேன்.

— நான் மோதிப் பார்க்குறேன். அப்பா! மலையில மோதின மாதிரி இருக்கு. பிழைச்சோம். ஏய், என்ன பண்ற? ஏண்டி திறக்குற?

— சாப்பிட்டியான்னு கேட்கல அத்தை.

— சாப்பிட்டேன் இளவரசி. பூட்டுங்க.

— சரி. பூட்டிட்டேன்.

— நல்லது. சாவியை இப்படிக் கொடு. கொடுடி... மறுபடியும் திறந்துட்டியா!

— அவன் நிக்கிற இடத்துல வெயில்.

— வெயில் எனக்குப் பழக்கம்தான். இளவரசி, அங்க கொம்பு ஊதுறாங்க. படை எழுந்துருச்சு.

— நான் என்ன பண்ணட்டும்? கையே நிக்க மாட்டேங்குது. பூட்டின உடனே இவனுக்கு என்ன ஆச்சோன்னு திறந்து பார்க்கச் சொல்லுது.

— எந்தப் பிரியத்தால கதவு நிக்குதோ, அதே பிரியத்தால திறந்து தொலைக்கிற. நல்ல மந்திரம்டா சாமி. என்ன குடும்பம் இது!

— அப்ப நான் உள்ள இருந்தா ஆகாது அத்தை. நான் வெளிய போறேன்.

— என்னது?

— இவன்கூட. யாருக்கு என் முகம் தெரியும்? நீங்கதானே சொன்னீங்க, அவன் என்னைப் பார்த்ததே இல்லைன்னு. முகத்துல கரியைப் பூசிக்கிறேன். பூட்டுக்காரன் பொண்டாட்டி, கூடமாட வேலை செய்யுறவள்னு சொல்லிக்கலாம்.

— சொல்லிக்கலாமா?

— சொல்லிக்கிறது மட்டுமில்ல. உனக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கா, பூட்டு?

— இல்லைங்க. ஒண்ணுமில்லைங்க. அரம் எது, உளி எதுன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

— எனக்குத் தெரியும். உன் பையைத் திறந்து பார்த்திருக்கேன்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. கிறுக்கு முத்திப்போச்சு. நீ வெளிய போனா யாருடி பூட்டுறது?

— நீங்கதான்.

— காது செவிடா உனக்கு? ஈ உட்கார்ந்து விழுந்துச்சுன்னு இப்பதானே சொன்னேன்!

— அது மாமா நின்னப்ப.

— யார் நின்னாலும் அதேதான். உன் மேல எனக்கென்ன பெரிசா? பிறந்த நாள்ல இருந்து நீ எனக்குத் தலைவலி. என் கவசத்தைக் கவுத்துப்போட்டு அதுல தவளை வளர்த்தவ நீ. நான் பேசுற எல்லாக் கூட்டத்துலயும் தூங்கினவ. உன்னை வெளிய நிறுத்தி நான் பூட்டினா, படை வரவே வேண்டாம், பூனை வந்து மூச்சு விட்டாலே போதும்.

— விழுந்தா விழட்டும். நான் பூட்டினா எப்படியும் திறந்துருவேன். உங்ககிட்ட சாவி இருந்தா ஒரு வழி இருக்கு. இந்தாங்க, பிடிங்க. கரி எங்க? அந்த அடுப்புல கொஞ்சம் எடுத்துக் கொடு, பூட்டு.

— இன்னும் கொஞ்சம் பூசிக்கங்க. காது தெரியுது, அரண்மனைக் காது.

— தொழில்காரன் பொண்டாட்டியைப் ‘பூசிக்கங்க’ன்னா கூப்பிடுவான்?

— பூசிக்க.

— ஆங். வர்றேன் அத்தை.

— இருடி. அவங்க சரிவுல பாதி ஏறிட்டாங்க. யோசிச்சுக்க. விழுந்துச்சுன்னா உன் மேலதான் விழும்.

— மூக்குத்தானே. அவனுக்கும் எனக்கும் சரியாப் போயிரும். சாத்துங்க.

— சாத்துறேன். போய்த் தொலை. சாத்திட்டேன். பூட்டிட்டேன்.

— தள்ளிப் பாருங்க அத்தை.

— மாட்டேன்.

— ஏன்?

— என்னால முடியாது. நான் எத்தனையோ சண்டை பார்த்துட்டேன். இதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்களே வெளிய இருந்து தள்ளிப் பாருங்க.

— தளபதியம்மா, என் தொழில் அதுதானே. தள்ளிக்க, இளவரசி... தள்ளிக்கம்மா. ஓடி வந்து மோதுறேன்.

— மெதுவா! ஐயோ, தோளு! அத்தை, இவன் கீழ விழுந்துட்டான்.

— கதவு?

— மூச்சுப் பிடிச்சிருக்கு, ஒரு நிமிஷம்... தளபதியம்மா, நான் இந்தக் கதவுல எத்தனையோ தடவை மோதியிருக்கேன். இளவரசி பூட்டினப்ப பாறை மாதிரி இருக்கும். இது அப்படியில்ல.

— தெரியும். சொன்னேன்ல? ஈ உட்கார்ந்தா விழும்னு சொன்னேன்ல?

— இதுக்கு முன்னாடி அந்தப் பாறை வெறும் தயிர். மலையே எழுந்து வந்தாலும் இது அசையாது.

— அத்தை? கேட்டுச்சா? அத்தை, வர்றாங்க, முகத்தைத் திருப்பிக்கப் போறேன். ஏதாவது சொல்லுங்க.

— ராத்திரி குளிரும், நீ பாட்டுக்குப் போர்வை எடுக்காமப் போயிட்ட. ஜன்னல் வழியா போடுறேன், பிடிச்சுக்க. கதவைத் திறந்தேன்னா மறுபடியும் உன்னை வெளிய விட்டுப் பூட்ட எனக்குக் கை வராதுடி.