கவுத்த வட்டில் கல்லு

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பொறக்காத காலமாம். கீழச்சேந்தனூர்ல கொம்பையான்னு ஒரு வீரன் இருந்தானாம். அவன் கூட்டாளி உடையணன். கொம்பையா தும்முனாக்கூட, "ஆகா, என்னா தும்மல்!"னு சொல்ற ஆளு.

ஒரு வருசம் கொள்ளைப்படை ஊருக்குள்ள பூந்துருச்சாம். பொம்பள புள்ளைகளை அடைச்சு வச்சிட்டு, கம்மாக்கரையில கூடாரம் போட்டானுகளாம். கொம்பையாவும் உடையணனோட சேத்துப் பத்துப் பேரும் தண்ணி வத்துன மடைக்குள்ள பதுங்கிக் கிடந்தாங்களாம். அப்புறம் பாஞ்சாங்களாம், வெட்டுனாங்களாம், ஊரை மீட்டாங்களாம். செத்தது ஒரே ஒருத்தன், சின்னமாயன். ஒய்யம்மாளுக்கு ஒத்தப் புள்ள.

"ஈட்டி பாஞ்சிருச்சு ஆத்தா. இனிமே நாந்தான் உன் மகன்"னானாம் கொம்பையா. அவளும் மகனோட வட்டில்லயே அவனுக்குச் சோறு போட்டாளாம். ஒருநாளா ரெண்டுநாளா, இருவது வருசம்!

ஜெயிச்ச நாள்ல வருசா வருசம் ஊருக்கே விருந்து. அன்னிக்கு மடைக்குள்ள கூட இருந்தவன் ஒருத்தன் எந்திரிச்சு கொம்பையா பெருமை ஒண்ணு சொல்லணும். போன வருசம் சொன்னதையே சொன்னா ஊரு சிரிச்சுப்புடும். இருவது வருசத்துல மத்தவனெல்லாம் போய்ச் சேர்ந்துட்டான். மிஞ்சுன கிழவன் உடையணன்கிட்டயும் சரக்கு தீந்துபோச்சு. மடப்பய, அந்த இருவதாம் வருச விருந்துல எந்திரிச்சு என்ன சொன்னான் தெரியுமா?

"ஈட்டியாவது, கீட்டியாவது! மடைக்குள்ள சின்னமாயனுக்கு இருமல் வந்துச்சு. மேல எதிரி நிக்கிறான். இருமுனா எல்லாரும் காலி. நம்ம கொம்பையா அவன் வாயையும் மூக்கையும் பொத்துனான் பாருங்க, மூச்சு அடங்குறவரைக்கும் கையை எடுக்கல! உதைச்ச காலை நாந்தான் பிடிச்சேன். எவனுக்கு வரும் அந்த நெஞ்சு?"

பரிமாறிக்கிட்டிருந்த ஒய்யம்மா நின்னாளாம்.

"நெசமாய்யா?"

"நெசந்தான் ஆத்தா"ன்னானாம் கொம்பையா.

அவ அழுகல. அவன் முன்னாடி இருந்த சோத்தை நாய்க்குக் கொட்டிட்டு, வட்டிலைக் கவுத்து வச்சாளாம்.

கொம்பையா எந்திரிச்சுப் போயி மடையடியில உக்காந்துட்டானாம். உடையணன் கஞ்சி கொண்டுபோனா வாயைத் திறக்க மாட்டேங்குறான். உடையணன் ஓடிவந்து ஒய்யம்மா கால்ல விழுந்தானாம்.

"வட்டிலை நிமித்திரு தாயி! நீ போட்டாத்தான் திம்பான்!"

"எம்மகன் காலைப் பிடிச்ச கையிடா அது. என் காலைத் தொடாத."

ஒம்போதாம் நாள் கொம்பையா செத்தான். உடையணன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதானாம். அழுகையிலயும் அவன் புத்தி எங்க போகும்? "ஒம்போது நாளு! ஒரு முனகல் முனகலையே எம் புலி!"

ஒய்யம்மா கேட்டுக்கிட்டே நின்னாளாம். "போடா, அடுத்த வருசத்துக்குப் புதுசா ஒண்ணு கிடைச்சிருச்சு உனக்கு"ன்னாளாம். அதுக்கப்புறம் உடையணன், தான் சாகுறமட்டும் எவன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசவே இல்லையாம்.

கொம்பையாவைப் பொதச்ச எடத்துல நட்ட கல்லுதான் அந்தா நிக்குது. கும்பிடுறோம், கெடா வெட்டுறோம். ஆனா படையல் கிடையாது, வெறும் வட்டிலைக் கவுத்துத்தான் வைக்கிறோம். பூசை முடியிறவரை உடையணன் வம்சத்து ஆம்பள ஒருத்தன் பக்கத்துல நிக்கணும். அவன் வாயைத் திறக்கக் கூடாது.